பஃபர், பிச்சிர், குரோமைடு: வித்தியாசமான மீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அடுத்தடுத்த தொட்டிகளில் 3 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று பஃபர் மீன்கள் நீந்துகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு, கரும்புள்ளிகள், தனித்தனியாகச் சுழலும் கண்கள், உருண்ட வயிறு. மூன்றும் இருப்பது நன்னீரில். கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் மூன்றுக்கும் 'பஃபர்' என்றுதான் எழுதியிருக்கும். மூன்று வருடம் போகட்டும். ஒன்று அதே 3 சென்டிமீட்டரில்தான் இருக்கும். அது பட்டாணி பஃபர், அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதான். இன்னொன்று 8 சென்டிமீட்டருக்கு வந்து, லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீரில் இருக்க வேண்டும். அது முதுகில் எட்டு போட்டதுபோல் கோடுள்ள ஃபிகர் எயிட். மூன்றாவது பச்சைப்புள்ளி பஃபர். அது 15 சென்டிமீட்டரைத் தொட்டிருக்கும். கடல்நீரில் பாதியளவு உப்பாவது இருந்தால்தான் அது தெம்பாக இருக்கும்.

வாங்கும்போது ஒன்றுபோலத் தெரிந்த மூன்று மீன்களுக்கு மூன்று அளவுத் தொட்டி, மூன்று விதத் தண்ணீர், மூன்று விதப் பராமரிப்பு. அதனால்தான் வித்தியாசமான மீன் எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் மீனைப் பற்றிப் பேச்சை எடுப்பதில்லை. தொட்டி எத்தனை லிட்டர், உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் பராமரிக்க மனம் இருக்கிறதா, உயிருள்ள தீனியோ உறைந்த தீனியோ தவறாமல் கொடுக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பட்டியலில் முக்கால்வாசி மீன்கள் தாமாகவே விலகிவிடும். மிச்சம் இருப்பதில் எது மனசுக்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். அழகும் நிறமும் அந்தக் கடைசிக் கட்டத்தில் வந்தால் போதும்.

முதலில் உப்பை முடிவு செய்யுங்கள்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், காயல், அலையாத்திக் காடு, இங்கெல்லாம் இருப்பது உவர்நீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மீன் வளர்ப்பவர்கள் இதை ஒப்படர்த்தியில், அதாவது நன்னீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதில், அளப்பார்கள்: நன்னீர் 1.000, கடல்நீர் சுமார் 1.025. உவர்நீர்த் தொட்டிகள் பெரும்பாலும் 1.003-க்கும் 1.015-க்கும் நடுவில் ஓடும். வெறும் 1.005 கொண்டுவரவே லிட்டருக்கு 7, 8 கிராம் உப்பு தேவை. 100 லிட்டர் தொட்டி என்றால் முக்கால் கிலோ. "ஒரு ஸ்பூன் உப்பு போட்டுவிட்டேன், அது உவர்நீர்தான்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த உப்பும் சமையல் உப்பாக இருக்கக் கூடாது. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையில் கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் எல்லாம் இருக்கும். நீரின் பிஎச் அளவை 8-ஐ ஒட்டித் தாங்கிப்பிடிப்பவை அவைதான். சமையல் உப்பில் உப்புக் கரிப்பு கிடைக்கும், இவை கிடைக்காது. அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. மிதவை ஹைட்ரோமீட்டரும் போதும். ஆனால் அதில் ஒரு சிறு காற்றுக்குமிழ் ஒட்டினாலும் அளவு தப்பாகக் காட்டும், தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கழிமுக மீன் நன்னீரில் உடனே சாகாது. குழப்பம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. நன்னீரில் இருக்கும் மீனின் ரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. தண்ணீர் செவுள் வழியே உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கடலில் இதற்கு நேர்மாறு: உடம்பிலிருந்து நீர் வெளியேறும், மீன் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும். கழிமுக மீன்களுக்கு இரண்டு வேலையும் தெரியும். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் வந்து நன்னீரானாலும் சில வாரம் சமாளித்துவிடும். தொட்டியில் அந்தச் சில வாரங்களைப் பார்த்துவிட்டுத்தான் "நன்னீரிலேயே நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து நிறம் மங்கி, தோலில் தொற்று வந்து, தீனி குறைந்து, காரணம் தெரியாமலே அது போய்விடும்.

உவர்நீரில் இன்னும் சில கணக்குகள் மாறும். பிஎச் கூடும்போது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதே அளவில் இருந்தாலும் கூடுதல் விஷமாகிறது. ஆகவே நன்னீர்த் தொட்டியில் தப்பித்துக்கொள்ளும் அளவு அலட்சியம் இங்கே தப்பாது. மறுபக்கம் ஒரு நன்மையும் உண்டு: அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் விஷம்தான், அது செவுளுக்குள் புகுவதை உப்பிலுள்ள குளோரைடு பெருமளவு தடுக்கிறது. தண்ணீர் ஆவியானால் நீர் மட்டும்தான் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத தண்ணீராக இருக்க வேண்டும். வாராந்திரமாக எடுத்து மாற்றும் தண்ணீரை மட்டும் உப்புக் கலந்து ஊற்ற வேண்டும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்தால் இந்தக் குழப்பமே வராது. உப்பை ஏற்றும்போது வாரத்துக்கு 0.002 அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். மீன் தாங்கினாலும் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்குப் பழக நாளாகும்.

செடிகள் மேல் ஆசை இருப்பவர்கள் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். ஜாவா ஃபெர்ன் போன்ற ஒன்றிரண்டு செடிகள் 1.005 வரை தாக்குப்பிடிக்கும். 1.010 தாண்டினால் பாறை, வேர்க்கட்டை, மணல்தான். பசுமையான தொட்டி வேண்டுமென்றால் உவர்நீர் உங்களுக்கானது அல்ல. பட்டாணி பஃபரையோ நன்னீர்க் குறவையையோ பாருங்கள்.

மூன்று பஃபர்கள்

இந்த மூன்றில் என் மனம் சாய்வது பட்டாணி பஃபர் பக்கம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் கேரளத்து ஆறுகளும் நீர்நிலைகளும் அதன் பிறப்பிடம். 1941-ல் அறிவியல் பெயர் பெற்றது. வாழ்நாள் முழுக்க நன்னீர் மீன், உப்பே வேண்டாம். 40 லிட்டர் தொட்டியில் அடர்த்தியாகச் செடி வைத்து, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில், ஒரு சிறு கூட்டமாக வைக்கலாம்.

அது வேட்டையாடுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நத்தை கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கும். பஃபர் ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நிற்கும்; முதுகுத் துடுப்பும் பக்கத் துடுப்புகளும் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும், உடம்பு அசையாது. ஒரு கண் நத்தை மேல் இருக்கும், மற்றது உங்கள் மேல். வாலை ஒரு பக்கமாக மடக்கி, தலையைச் சாய்த்து, இரண்டு கண்களும் நத்தையிடம் திரும்பும் கணத்தில்தான் பாய்ச்சல். ஓட்டைக் கடிக்காது. வெளியே நீட்டிய உணர்கொம்பையோ சதையையோ பிய்த்துக்கொண்டு விலகும், மறுபடி வந்து காத்திருக்கும். பெரிய தொட்டிகளில் எத்தனையோ மீன்கள் சும்மா சுற்றிச் சுற்றி வரும். இந்தக் குட்டி மீன் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது ஆராய்ந்துகொண்டிருக்கும்.

இதன் கஷ்டங்கள் மூன்று. காய்ந்த தீனியை அநேகமாகத் தொடாது. உறைந்த ரத்தப்புழு, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால், நத்தை இவைதான். நத்தைக்கென்று ஒரு சிறு தொட்டி தனியாக ஓட வேண்டும். ராம்ஸ்ஹார்ன், பிளாடர் நத்தைகள் தாமாகவே பெருகும், அதிக வேலை இல்லை. கூம்பாக நீண்ட ஓடுள்ள டிரம்பெட் நத்தையைத் தவிருங்கள், அந்த ஓடு இதன் பல்லுக்கு மிகக் கடினம். இரண்டாவது, சண்டை. ஆண் பஃபருக்கு வயிற்றின் நடுவே கறுத்த கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்களும் இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வைத்து, ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று மறைய இடம் கொடுத்தால் அடங்கும். நீளத் துடுப்புள்ள வேறு மீனை இதனுடன் போடவே கூடாது, துடுப்பைக் கடித்துத் துணுக்காக்கிவிடும். மூன்றாவது, விற்பனைக்கு வருவதில் நிறைய ஆற்றில் பிடித்தவை. குடல் புழுவோடு வரும். நன்றாகச் சாப்பிட்டும் வயிறு ஒட்டிப்போய், கழிவு வெள்ளை நூலாக வந்தால் அதுதான் அறிகுறி. தனித்தொட்டியில் வைத்துப் புழு மருந்து கொடுத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழிவுக்கு ஆட்படக்கூடிய இனமாக இருக்கிறது. தொட்டியில் பொரித்து வளர்த்த குஞ்சு கிடைத்தால் அதையே தேடி வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

ஃபிகர் எயிட் நடுவழி. தனியாக ஒன்றை 70, 80 லிட்டரில் 1.005 அளவு உப்பில் வைத்தால் பல வருடம் இருக்கும். உவர்நீர் வேண்டும், பெரிய தொட்டிக்கு இடமில்லை, ஆளைப் பார்த்தால் ஓடிவரும் மீன் ஒன்று போதும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பச்சைப்புள்ளி பஃபர் இவை மூன்றில் மிக அழகு, அதிகம் விற்பது, அதிகம் வீணாகப் போவதும் இதுதான். தண்ணீரை வேகமாக அசுத்தமாக்கும். 15 சென்டிமீட்டர் மீன் ஒன்றுக்கே 150 லிட்டராவது வேண்டும், 200 இருந்தால் நிம்மதி. குஞ்சாக 1.005-ல் தொடங்கி, வளர வளர 1.010, 1.015 என்று ஏற்ற வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் வாழும். இதற்கும் ஃபிகர் எயிட்டுக்கும் பல் பிரச்சினை உண்டு. பஃபருக்குப் பல் நான்கு தகடுகளாக ஒட்டி அலகுபோல் இருக்கும், வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, ஓட்டோடு இறால், நண்டுக்கால், சிப்பி என்று கடித்து உடைக்கும் தீனி வாரத்தில் பல நாள் கிடைத்தால் தேயும். மென்மையான தீனியாகவே கொடுத்தால் அலகு வளர்ந்து வாய் திறக்க முடியாமல் போகும். கிராம்பு எண்ணெயில் மயக்கி அலகை வெட்டும் முறை இருக்கிறது, பழகியவர்கள் செய்கிறார்கள். அந்த நிலைக்கு மீனைக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் வளர்ப்பவரின் வேலை.

எந்தப் பஃபரையும் வலையில் அள்ளாதீர்கள். பயந்தால் வயிற்றை ஊதிக்கொள்ளும். நீருக்கு வெளியே ஊதினால் காற்று உள்ளே போய், திரும்ப வெளியேற்ற முடியாமல் தத்தளிக்கும். ஒரு டப்பாவில் தண்ணீரோடு முகர்ந்து எடுங்கள். படம் எடுப்பதற்காக ஊத வைப்பது கொடுமை, வேறு வார்த்தை இல்லை.

இரவில் உலவும் நன்னீர் மீன்கள்

உப்பு வேண்டாம், ஆனால் பார்த்தவர்கள் "இது என்ன மீன்?" என்று கேட்க வேண்டும் என்றால் பேச்சு பிச்சிரிடம் வந்து நிற்கும். ஆப்பிரிக்க ஆறுகளின் மீன். பாம்புபோல் நீண்ட உடல், கவசம்போல் அடுக்கிய செதில், முதுகு நெடுகத் தனித்தனி முட்களாகத் துடுப்பு. நீச்சல் பைக்குப் பதில் இரட்டை நுரையீரல் இருக்கிறது. அடியில் அசையாமல் கிடக்கும். திடீரென்று செங்குத்தாக மேலே ஏறி, ஒரு மிடறு காற்றை விழுங்கி, செவுள் வழியாகக் குமிழ்விட்டபடி இறங்கி, பழைய இடத்திலேயே பழையபடி கிடக்கும். குஞ்சாக இருக்கும்போது தவளைக் குஞ்சைப்போல் தலைக்கு வெளியே இறகு மாதிரி செவுள்கள் இருக்கும். 2014-ல் வெளியான ஒரு ஆய்வில் செனகல் பிச்சிர் குஞ்சுகளை எட்டு மாதம் ஈரத் தரையில் வளர்த்துப் பார்த்தார்கள். அவை மார்புத் துடுப்புகளை உடம்புக்கு அடியில் கொண்டுவந்து, தலையை நிமிர்த்தி நடந்தன. தோள்பகுதி எலும்பின் அமைப்பே மாறியிருந்தது. நீரிலிருந்து உயிர்கள் தரையேறிய கதையில் ஆர்வமுள்ளவர்கள் இதை வாங்காமல் இருப்பது கஷ்டம்.

வளர்ப்பதோ எளிது. செனகல் பிச்சிர் தொட்டியில் 30 சென்டிமீட்டர் வரை வரும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தரைப்பரப்பு முக்கியம், உயரம் அவ்வளவு முக்கியமில்லை. மூழ்கும் குருணைத் தீனியை ஏற்றுக்கொள்ளும், புழுவும் இறால் துண்டும் போட்டால் மகிழ்ச்சி. கண் மந்தம், மூக்கு கூர்மை. விளக்கை அணைத்த பின் போட்டால் நன்றாகத் தேடிச் சாப்பிடும். வாய்க்குள் போகும் எந்த மீனையும் விழுங்கிவிடும், அதைத் தவிரப் பொல்லாங்கு இல்லை. மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஃபில்டர் குழாய் போகும் ஓட்டை வழியாகக்கூட வெளியே வந்துவிடும். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் காற்று இருக்க நாலு விரல் இடமும் வேண்டும். இதே குடும்பத்துக் கயிற்று மீன் இன்னும் மெல்லியது, தப்பிப்பதில் இன்னும் கெட்டிக்காரி.

யானைமூக்கு மீனை இதோடு ஒப்பிட்டால் தேர்வு தெளிவாகும். அதுவும் ஆப்பிரிக்கா, அதுவும் இரவு மீன், 20 சென்டிமீட்டருக்கு மேல் வரும். மூக்குபோல் தெரியும் தாடை நீட்சியாலும் உடம்பிலிருந்து விடும் மெல்லிய மின்துடிப்புகளாலும் இருட்டில் உலகத்தை அறியும். உடம்பு இழுக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 60 சதவீதத்தை அதன் மூளையே எடுத்துக்கொள்கிறது. மனித மூளைக்கு 20 சதவீதம் போதும். இவ்வளவு நுண்ணுணர்வுள்ள மீனுக்கு எல்லாமே நுணுக்கமாக வேண்டும்: கிளறினால் தாடை தேயாத மென்மணல், மங்கிய வெளிச்சம், ஆக்ஸிஜன் நிறைந்த நீர், தாமிரம் கலந்த மருந்துகளே படாத சூழல், போட்டிக்கு ஆள் இல்லாத தீனிநேரம். இரண்டு மீன்களைச் சேர்த்தால் வலியது மெலியதைத் துரத்தியே கொல்லும். ஒன்று அல்லது ஐந்தாறு என்றுதான் வைக்க வேண்டும். பிச்சிரிடம் சிறு தவறுகளுக்கு மன்னிப்பு உண்டு, யானைமூக்கிடம் கிடையாது. முதல் வித்தியாசமான மீனாக இதை வாங்கத் துணியாதீர்கள்.

ஆரால் வகைகளும் நல்ல தேர்வு. 30 சென்டிமீட்டருக்குள் நிற்கும் மயில் ஆராலா, ஒரு மீட்டருக்கு வரும் ஃபயர் ஈலா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். குஞ்சில் இரண்டும் விரல் நீளம்தான். தரையில் சரளைக்கல் போட்டால் புதையும்போது தோல் கிழியும், மென்மணல் கட்டாயம்.

குறவைகளில் குள்ள இனங்கள் பலரைக் கவர்கின்றன. நீலத்துடுப்பு அழகுள்ள சன்னா ஆண்ட்ராவ், மேற்கு வங்கச் சதுப்பிலிருந்து 2013-ல்தான் விவரிக்கப்பட்டது. கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. சன்னா கச்சுவா சற்றுப் பெரியது, ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். இரண்டுக்கும் வருடத்தில் சில மாதம் ஹீட்டரை எடுத்துவிட்டுக் குளிர்ச்சி காட்ட வேண்டும். ஆனால் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: அமெரிக்கா 2002 முதல் குறவைக் குடும்பம் முழுவதையும் தீங்கான வனவுயிர்ப் பட்டியலில் வைத்திருக்கிறது.

உப்புக்குத் துணிந்தவர்களுக்கு

உவர்நீரில் முதல் மீனாக நான் கை காட்டுவது ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள காயல்களின் மீன், கரிமீனின் சிறிய உறவு. 8 சென்டிமீட்டர்தான் வரும். 120 லிட்டரில் ஆறு எட்டு மீன்களை வைக்கலாம். உப்பு 1.003-லிருந்து 1.010 வரை எங்கே இருந்தாலும் சரி, கடினநீராக இருந்தால் உப்பே இல்லாமலும் சமாளிக்கும். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும் மீனிடம்தான் உப்பு வைக்கப் பழக வேண்டும். காய்ந்த தீனியும் சாப்பிடும், இது பெரிய சௌகரியம்.

இதைவிடப் பெரிய காரணம் அதன் குடும்ப வாழ்க்கை. ஜோடி சேர்ந்த இரண்டும் ஒரு கல்லையோ சட்டித் துண்டையோ வாயால் சுத்தம் செய்து முட்டையிடும். ஒன்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும், மற்றது காவல் சுற்றும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பின் மேல் வந்து ஒட்டி ஒட்டி விலகும். பெற்றோரின் தோலில் சுரக்கும் வழுவழுப்பைத்தான் அப்படித் தின்கின்றன. ஒரு பெரிய மீனைச் சுற்றி ஊசிமுனை அளவில் நூறு புள்ளிகள் மொய்ப்பதைப் பார்க்க விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், நன்றாகத் தெரியும். காயல்களில் பெரிய கரிமீனின் துடுப்பைச் சுத்தம் செய்யும் வழக்கமும் ஆரஞ்சு குரோமைடுக்கு உண்டு.

பம்பிள்பீ கோபி இதற்கு அடுத்தபடி. கறுப்பு மஞ்சள் பட்டை, 3, 4 சென்டிமீட்டர், 40 லிட்டர் போதும், 1.003 உப்பு போதும். ஆனால் நகர்கிற சின்னஞ்சிறு தீனி மட்டும்தான் சாப்பிடும். மெதுவாகச் சாப்பிடும். வேகமான மீன்களோடு போட்டால் பட்டினி கிடந்தே மெலியும். ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்க வைக்கும் பழக்கம் இருப்பவர்களுக்குச் சுலபம், இல்லாதவர்களுக்கு வேண்டாம்.

வில்லாளி மீன், ஆர்ச்சர் என்று அழைக்கப்படுவது, வேறு தரத்தில் இருக்கிறது. மேலண்ணத்தில் உள்ள பள்ளத்தில் நாக்கை அழுத்திக் குழாயாக்கி, செவுள் மூடியைச் சடாரென்று மூடித் தண்ணீரைப் பீய்ச்சும். இலையில் உட்கார்ந்த பூச்சி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தாலும் விழும். நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒளி வளைவதால் பூச்சி இடம் மாறித் தெரியும். அந்தப் பிழையைத் திருத்தித்தான் குறி வைக்கிறது. மனித முகங்களைக்கூட அதற்கு வேறுபடுத்தக் கற்றுக்கொடுக்க முடியும் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், கூட்டமாக இருக்கும், தாவும். 150 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் பாதி உயரத்துக்கு மட்டும் நீர் நிரப்பி, மேலே வேர்களும் கிளைகளும் வைத்து, பூச்சி விட இடம் வைக்க வேண்டும். ஒரே அளவில் நான்கைந்து மீன்களை ஒன்றாக வாங்குங்கள். சிறியது ஒன்று சேர்ந்தால் அடிபடும். 400 லிட்டருக்கு இடம் இல்லாதவர்கள் இதை ஆசையோடு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே அந்த மீனுக்குச் செய்யும் நன்மை.

சேற்றில் தாவும் மட்ஸ்கிப்பருக்கு இதைவிடக் குறைந்த தண்ணீரும் கூடுதல் தரையும் வேண்டும். பாதி மணல் கரை, பாதி ஆழமில்லாத உவர்நீர், உள்ளே வெதுவெதுப்பான ஈரக் காற்று, அது வெளியே போகாத மூடி. ஈரத் தோலும் வாயின் உட்புறமும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்கின்றன. வறண்ட காற்று பட்டால் காய்ந்துபோகும், கரையேற வழியில்லாவிட்டால் மூச்சுத் திணறும். ஆண்கள் எல்லைக்காகக் கடுமையாகச் சண்டையிடும். மீன்தொட்டி வேண்டுமா, பாதித் தரையுள்ள ஒரு சதுப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அருமையான உயிர்.

ஸ்காட், மோனோ, நன்னீர்ச் சுறா என்ற பெயரில் விற்கும் கொலம்பிய ஷார்க் கெளுத்தி, நன்னீர் மோரே என்று விற்கும் விலாங்கு, இவை நான்கையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். வாங்காதீர்கள். எல்லாமே 25 சென்டிமீட்டரைத் தாண்டிப் போகக்கூடியவை, எல்லாவற்றுக்கும் வளர வளர உப்பு வேண்டும், எல்லாமே நன்னீர் மீன் என்று விற்கப்படுகின்றன. வீட்டின் ஒரு சுவரையே தொட்டியாக்கும் எண்ணம் இருப்பவருக்கு மட்டும் இவை.

எதை எடுப்பது

60 லிட்டருக்குள் என்றால் பட்டாணி பஃபர் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். 120 லிட்டர் இருந்து, உப்பு கலக்கவும் அளக்கவும் சோம்பல் இல்லையென்றால் ஆரஞ்சு குரோமைடு. பெரிய தொட்டி இருக்கிறது, உப்பு வேண்டாம், தினமும் மெனக்கெட முடியாது என்பவருக்குப் பிச்சிர். தீனி விஷயத்தில் இந்த மூன்றும் வேறு வேறு: பிச்சிர் வாரத்தில் ஓரிரு நாள் பட்டினி இருந்தாலும் ஒன்றும் ஆகாது, குரோமைடுக்குத் தானியங்கித் தீனிக்கருவி போதும், பட்டாணி பஃபருக்கோ தினமும் ஆள் வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் இடத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

எதை எடுத்தாலும் தொட்டி முதலில், மீன் பிறகு. ஃபில்டரில் பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக, நைட்ரேட் மட்டும் ஏறுவதைச் சோதனையில் பார்த்த பிறகு மீனை விடுங்கள். உவர்நீர்த் தொட்டியைத் தயார் செய்ய இரண்டு மோலி மீன்கள் உதவும். நன்னீரிலிருந்து கடல்நீர் வரை எங்கும் பழகிக்கொள்ளும். பஃபர் தொட்டி என்றால் மோலியை எடுத்துவிட்டுத்தான் பஃபரை விட வேண்டும்.

வாங்கும் இடத்தில் மீனை எந்த உப்பளவில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப்போய் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் அதே அளவில் தொடங்கி வாரவாரம் ஏற்றுங்கள். கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். பஃபரோ கோபியோ தீனியை நோக்கித் திரும்பவில்லையென்றால், வயிறு உள்ளே ஒட்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். வாங்கியதை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். பிச்சிர், ஆரால், பஃபர் இவற்றுக்கு மருந்தைப் பாட்டிலில் எழுதிய முழு அளவில் ஊற்றாதீர்கள். பஃபருக்கும் யானைமூக்குக்கும் தாமிர மருந்து வேண்டவே வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒருவரை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆற்றிலோ குளத்திலோ விடுவது மீனுக்கும் நல்லதல்ல, அந்த நீருக்கும் நல்லதல்ல; அங்கே பிழைத்துப் பெருகிவிட்டால் அங்கிருந்த மீன்களுக்கு இடமிருக்காது, பிழைக்காவிட்டால் நீங்கள் விட்டது சாவதற்குத்தான். வாங்கும் இடத்திலேயே, 'ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். பச்சைப்புள்ளி பஃபருக்கும் வில்லாளி மீனுக்கும் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் கிடைக்காதவரை பணத்தை நீட்டாதீர்கள்.